இடைவேளையில் முடிந்த இறுதியாட்டம்

எங்கள் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுத விளையாட்டு தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வந்திருந்த பிரமுகரின் பட்டங்களை வரிசை பிசகாமல் எழுதத் தெரிந்தால் போதும். முதல் பத்தியில் கிண்ணத்தை எடுத்து வழங்கியவர் வருவார். இரண்டாவது பத்தியில், இந்திய இளைஞர்கள் தீய வழியில் போகாமல் விளையாட்டில் ஈடுபட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொள்வார். மூன்றாவதில் அவருக்கு மாலையும் பொன்னாடையும் அணிவித்தவர்கள், நான்காவதில் அவருடன் வந்தவர்கள். யார் ஜெயித்தார்கள் என்பது கடைசி வரி. அன்றைக்கு மரண அறிவித்தல் ஒன்று கூடுதலாக வந்துவிட்டால் பக்கத்தில் முதலில் பறிபோவதும் அந்தக் கடைசி வரிதான்.

இந்த இலக்கணத்தில் இருபது வருடத்துக்கு மேல் பினாங்கு செய்திகளை எழுதியிருக்கிறேன். பகுதி நேர நிருபர் என்று பெயர். முழு நேரம் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அதிலும் பத்து வருடம் கடலுக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸில். இப்போது ஓய்வு பெற்றுவிட்டதால் பகுதி நேரம் மட்டும் மிச்சம். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி ஓட்டப்பந்தயம், சங்கத்து ஆண்டுக் கூட்டம் எல்லாம் என் தலையில்தான். கூடைப்பந்தும் என் தலையில் வந்தது ஒரு பொய்யால். பொய் என்றும் சொல்ல முடியாது. கூடைப்பந்து தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று ஆசிரியர் கேட்டார். நான் ஆடியிருக்கிறேன் என்றேன்.

ஆடியதன் மொத்த நேரம் நாற்பது விநாடி. ஜார்ஜ் டவுனில் நாங்கள் குடியிருந்த கடைவீட்டுக்குப் பின்னால் ஒரு சீனச் சங்கம். அதன் முற்றத்தில் சிமெண்டுத் தரையில் ஒரு கூடைப்பந்துத் திடல். மாலையானால் எங்கள் வீட்டுச் சுவரில் பந்து வந்து மோதும். எடுத்துக் கொடுக்கப் போய்ப் போய் அங்கேயே நின்றுவிட்டேன். உயரமாக இருந்ததால் சேர்த்துக்கொண்டார்கள். உயரத்தைத் தவிர வேறெதுவும் என்னிடம் இல்லை என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. பந்தாடத் தெரியாதவனை மலாயில் 'காக்கி பாங்கு' என்பார்கள், பெஞ்சுக்கால் என்று அர்த்தம். மரமண்டை மாதிரி மரக்கால். எனக்கு அதுவே பெயரானது, காலுக்கும் பொருந்தியது, உட்கார்ந்திருந்த இடத்துக்கும் பொருந்தியது.

அன்றைய பயிற்றுநர் இரும்புச் சாமான் கடைக்காரர். ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் மட்டும்தான் திட்டுவார், அதனால் முதலில் கற்ற ஹொக்கியன் எல்லாம் வீட்டில் சொல்ல முடியாத ஹொக்கியன். ஒரு போட்டியில் நாங்கள் இருபது புள்ளி முன்னால் இருந்தபோது, கடைசி நாற்பது விநாடிக்கு என்னை இறக்கினார். பந்து ஒரே ஒரு தடவை என் கைக்கு வந்தது. பதற்றத்தில் அதை நடுவரிடம் கொடுத்தேன்.

மறுநாள் சீனப் பத்திரிகையில் அரைப் பக்கச் செய்தி. அந்தக் காலத்தில் அவர்களுடைய நிருபர் ஒருவர் பென்சிலும் நோட்டுமாகத் திடலின் மூலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பந்தும் கூடையில் விழ விழக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். யார் வந்து கை கொடுத்தாலும் தலை தூக்க மாட்டார். செய்தியின் அடியில் ஆடிய அத்தனை பேரின் பெயரும் பக்கத்தில் அவரவர் எடுத்த புள்ளியும் இருக்கும். எனக்குச் சீனம் வாசிக்கத் தெரியாது. என்னோடு பெஞ்சில் அடிக்கடி உட்காரும் நண்பன் ஒருவன் விரலை வைத்துக் காட்டினான். இதுதான் உன் பெயர், பக்கத்தில் முட்டை என்றான். நாலு புள்ளி என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன், வீட்டில் போய்ப் பீற்றிக்கொண்டிருப்பேன். அவனுக்கு அது தோன்றவில்லை. அந்தத் துண்டை பிஸ்கட் டின்னில் இன்னும் வைத்திருக்கிறேன். என் பெயர் பத்திரிகையில் வந்த முதல் நாள் அது, முட்டையோடு வந்தாலும்.

அந்த நண்பன்தான் இப்போது அதே திடலில் பெண்கள் அணிக்குப் பயிற்றுநர். மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகக் கடை வைத்திருக்கிறான். திடலுக்குக் கூரை வந்துவிட்டது, சிமெண்டின் மேல் பச்சை நிறத்தில் ரப்பர் மாதிரி ஒன்றைப் பூசியிருக்கிறார்கள். பிள்ளைகள் போட்டிருக்கும் சப்பாத்தின் விலையில் எங்கள் காலத்தில் அணிக்கே சப்பாத்து வாங்கிவிட்டு மிச்சத்தில் பார்லி தண்ணீரும் குடித்திருக்கலாம். பயிற்றுநர்கள் திட்டுவதில்லை, 'மோட்டிவேட்' செய்கிறார்கள். இவன் மட்டும் பழைய கடைக்காரரிடம் கற்றதைக் கொஞ்சம் தண்ணீர் கலந்து இன்னும் பயன்படுத்துகிறான்.

மாறிப்போன இன்னொன்று பத்திரிகை. சீனப் பத்திரிகையில் உள்ளூர் விளையாட்டுப் பக்கம் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போய்விட்டது. பென்சில்காரர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவர் காப்புறுதி விற்கப் போய்விட்டார். திடலை நடத்தும் கிளப் ஃபேஸ்புக்கில் ஆட்டங்களை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை யாரோ களவாடி இப்போது அதில் உடம்பு இளைக்கும் தேநீர் விற்கிறார்கள். கடைசியில் காகிதத்தில் கூடைப்பந்தைப் பற்றி அச்சடிக்கிற ஒரே பத்திரிகையாக எங்கள் தமிழ்ப் பத்திரிகை மிஞ்சியது. கூடைப்பந்தின் மேல் காதலால் அல்ல. நிறுத்தச் சொல்லி யாரும் எங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என் நண்பனுக்கு அது பெரிய பெருமை. நான் கொண்டுபோகும் ஒவ்வொரு துண்டையும் திடலோரச் சுவரில் ஒட்டுவான். ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்ப்பான், என்ன எழுதியிருக்கிறாய் என்பான், நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன் என்பேன். சுவர் முழுவதும் தமிழ். பக்கத்தில் போய்ப் பார்த்தால் சுவர் முழுவதும் டத்தோக்கள், அரசாங்கப் பட்டம் வாங்கிய பிரமுகர்கள்.

அந்த அணியில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் எதிர்க்கரையில் பாகான் டாலாமிலிருந்து வரும் ஒரு பெண். அங்கே தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இடைநிலைப் பள்ளியில் நெட்பால் ஆடிக்கொண்டிருந்தவளை ஏதோ ஒரு போட்டியில் என் நண்பன் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறான். வாரத்தில் மூன்று நாள் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வருவாள். அப்பா இல்லை, அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை. நல்ல உயரம். என்னைப் போல உயரம் மட்டும் அல்ல. பந்து அவள் கைக்குப் போனால் மற்றவர்கள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள், எங்கே வரும் என்று அவர்களுக்குத் தெரிந்த மாதிரி. என்னைப் பார்த்தால் வணக்கம் அங்கிள் என்பாள், அதற்கு மேல் பேச்சு இல்லை.

இனி அந்த இறுதியாட்டத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் சமூகத்து டத்தோ ஒருவர் தம் தகப்பனார் நினைவாகச் சுழற்கிண்ணம் ஒன்றைக் கொடுத்திருந்தார். மூன்று மணி ஆட்டத்துக்கு டத்தோ மூன்றரைக்கு வந்தார்; அவர் வந்த பிறகுதான் பந்தை மேலே எறிந்தார்கள். இதுவரை எல்லாம் வழக்கம்தான். இடைவேளைக்குச் சற்று முன்னால் டத்தோவின் உதவியாளர் வந்து, டத்தோ கெப்பாலா பத்தாஸில் ஒரு பாலர் பள்ளியைத் திறந்து வைக்க வேண்டும், ஆட்டம் முடியும் வரை இருக்க முடியாது என்றார். ஏற்பாட்டுக் குழு கூடியது. இரண்டு நிமிடத்தில் முடிவு வந்தது: பரிசளிப்பை இடைவேளையில் வைத்துக்கொள்ளலாம், ஜெயிப்பவர்கள் பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

அதில் யாருக்கும் தவறாக எதுவும் தெரியவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எனக்கும் தெரியவில்லை. இரண்டு அணியும் வியர்வையோடு வரிசையில் நின்றது. டத்தோ எல்லாருக்கும் பொதுவாகக் கை கொடுத்தார். சான்றிதழ்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருந்ததால் எல்லாவற்றிலும் 'பங்கேற்பு' என்றுதான் அச்சிட்டிருந்தது. கிண்ணத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாததால் டத்தோவே கையில் வைத்துக்கொண்டு நின்றார், குழுவினர் இரண்டு பக்கமும் நின்றார்கள், நான் படம் எடுத்தேன். பிறகு பெண்கள் விளையாட்டுத் துறையில் முன்னேற வேண்டும் என்று இருபது நிமிடம் பேசினார். முன்னேற வேண்டிய பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது என் நண்பனின் அணி பதினொரு புள்ளி பின்னால். டத்தோ காரில் ஏறும்போது உதவியாளர் என் தோளைத் தொட்டு, "வாங்கண்ணே, பின் சீட்டுல இடம் இருக்கு. அங்க பிரியாணி" என்றார்.

போனேன். மறைக்க வேறு காரணம் ஒன்றும் இல்லை. பாலர் பள்ளித் திறப்பு இன்னொரு செய்தி, ஒரே பயணத்தில் இரண்டு செய்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கம் ஆறு மணிக்கு மூடிவிடும் என்பதும் உண்மைதான். பாலத்தைக் கடக்கும்போதே கைப்பேசியில் செய்தியைத் தட்ட ஆரம்பித்தேன். நான்கு பத்தியும் மடமடவென்று வந்தது. கடைசி வரிக்கு வந்தபோது கொஞ்சம் யோசித்தேன். பதினொரு புள்ளி வித்தியாசம், பாதி ஆட்டம் முடிந்துவிட்டது. நாற்பது விநாடி ஆடிய என் அனுபவத்துக்கு அது போதுமானதாக இருந்தது. எதிரணி ஜெயித்துக் கிண்ணத்தைத் தட்டிச் சென்றது என்று எழுதி அனுப்பிவிட்டேன். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை செய்தி வந்தது. அன்று பக்கத்தில் மரண அறிவித்தல் குறைவு, கடைசி வரி முழுதாக அச்சாகியிருந்தது. மாலையில் பத்திரிகையோடு திடலுக்குப் போனேன். நண்பன் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். மூன்று புள்ளியில் ஜெயித்தார்களாம். பாகான் டாலாம் பெண் இரண்டாம் பாதியில் மட்டும் பத்தொன்பது எடுத்தாளாம். நீ ஏன் போனாய், போயிருக்கவே கூடாது என்று மலாயிலும் ஹொக்கியனிலும் மாற்றி மாற்றிச் சொன்னான். பத்திரிகையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தேன். அதற்குள் அவன் என் கையிலிருந்து பத்திரிகையை வாங்கிப் பிரித்துவிட்டான். டத்தோ கையில் கிண்ணம் பளபளத்தது. என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டான்.

சொல்லியிருக்கலாம். அவன் திட்டியிருப்பான், எனக்கு அந்தத் திட்டெல்லாம் பழக்கம். மறுநாளே ஒரு திருத்தம் போடச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது ஒரே வாக்கியம்: நீங்கள் ஜெயித்தீர்கள் என்று எழுதியிருக்கிறேன்.

அவன் பசை எடுக்கப் போனான். சுவரின் நடுவில் இருந்த இரண்டு டத்தோக்களை நகர்த்தி இந்த டத்தோவை ஒட்டினான். தண்ணீர் குடிக்க வந்த அந்தப் பெண் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே தமிழ் வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு மட்டும் தெரியாமல் வைத்துக்கொண்டேன். அவள் பாட்டிலை மூடிவிட்டுப் போய்ப் பந்தை எடுத்தாள்.

அந்தச் செய்திக்கு ஒரே ஒரு தொலைபேசி வந்தது. டத்தோவின் பட்டங்களில் ஒன்று விட்டுப்போயிருந்ததாம். அடுத்த நாளே திருத்தம் போட்டோம்.

இரண்டு வருடம் ஓடியது. அதற்குப் பிறகு அந்த அணி இறுதியாட்டம் வரை போகவில்லை. கிண்ணம் சுழன்று வேறு கிளப்புக்குப் போய்விட்டது. அதில் பொறித்திருந்த ஒரே பெயர் டத்தோவின் தகப்பனார் பெயர். ஏற்பாட்டுக் குழு தங்களுக்குள் சண்டை போட்டுக் கலைந்தது. புள்ளிக் கணக்கு எழுதிய தாள் யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நானும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட நிம்மதியில் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகிக்கொண்டேன்.

சென்ற வருடக் கடைசியில் நண்பன் கூப்பிட்டான். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரி, கூடைப்பந்து ஆடும் மாணவிகளுக்குக் கட்டணம் முழுவதையும் விட்டுக்கொடுத்து இடம் தருகிறது. பாகான் டாலாம் பெண் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தை முடித்துவிட்டாள், விண்ணப்பிக்கிறாள். இது கிடைக்கவில்லையென்றால் அம்மா வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே சேர வேண்டியதுதான். அவளுக்கு அங்கே ஒரு வேலையைக்கூடச் சொல்லி வைத்தாயிற்று. விண்ணப்பத்தோடு சாதனைக்கு ஆதாரமாகப் பத்திரிகைத் துண்டுகள் வைக்க வேண்டும், மலாயிலோ ஆங்கிலத்திலோ இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அவன் குரலில் கவலையே இல்லை. நல்லவேளை உன் பத்திரிகை இருக்கிறது என்றான்.

நான் போய்ச் சேர்வதற்குள் சுவரிலிருந்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மேசையில் அடுக்கியிருந்தான். பதினொன்று. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த இறுதியாட்டத் துண்டு. இதுதான் முக்கியமானது, இதை முதலில் வை என்று அவளிடம் சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் கூப்பிட்டதால் கைப்பேசியோடு வெளியே போனான்.

நான் அந்தத் துண்டுகளைப் புரட்டினேன், ஏதாவது ஒன்றிலாவது அவள் பெயர் இருக்கும் என்று. இல்லை. நான்கு படங்களில் அவள் இருந்தாள். ஒன்றில் பொன்னாடைக்குப் பின்னால் நெற்றி மட்டும். அம்மாதான் முதலில் பேசினார்.

"வீட்லயும் எல்லாத்தையும் வெட்டி வெச்சிருக்கேண்ணே. வர்றப்பல்லாம் இவ பேரு எங்கன்னு தேடுவேன். சரி, அடுத்த வாட்டி போடுவாங்கன்னு நெனச்சுக்குவேன்" என்றார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

நான் அந்த மேல் துண்டைக் கையில் எடுத்தேன். தப்பாக வந்துவிட்டது, ஆசிரியர்தான் எதையாவது மாற்றியிருப்பார் என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கே படிச்சிட்டேன் அங்கிள். நீங்கதான் ஹாஃப் டைம்லயே கிளம்பிட்டீங்களே" என்றாள்.

அப்படியென்றால் ஏன் இரண்டு வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள்.

"கோச் அவ்ளோ சந்தோஷமா ஒட்டிக்கிட்டு இருந்தாரு. எடுக்கச் சொல்ல மனசு வரல."

எனக்கு வெட்கமாக இருந்தது. முன்பு பத்திரிகையை மறைக்கப் பார்த்தேனே, அது பயம், இது வெட்கம்தான். பதினைந்து வயதில் அவள் ஜெயித்த ஆட்டத்தைத் தோற்றதாகச் சொல்லும் காகிதத்துக்கு அடியில் இரண்டு வருடம் தண்ணீர் குடித்திருக்கிறாள், இன்னொருவர் மனம் நோகக் கூடாது என்று. அந்த இன்னொருவனிடம் உண்மையைச் சொல்ல வேண்டிய வயதும் கடமையும் எனக்குத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பழைய வாட்ஸ்அப்பைத் தோண்டினேன். ஆசிரியர் மேல் பழியைப் போட முடியுமா என்று கடைசியாக ஒரு நப்பாசை. நான் அனுப்பியது அப்படியே இருந்தது, பிழை உட்பட. ஆசிரியர் ஒரு எழுத்தையும் தொடவில்லை. அதோடு நிற்காமல் மற்ற பத்தையும் பார்த்தேன். அவள் பெயரை எழுதி அவர் வெட்டியிருப்பார் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றிலும் நான் எழுதவே இல்லை. எப்படியும் வெட்டத்தானே போகிறார்கள் என்று எப்போதோ நானே நிறுத்திவிட்டிருக்கிறேன். எப்போது என்றுகூட நினைவில்லை.

ஆசிரியரைக் கூப்பிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, ரெண்டு வருஷத்துக்கு முந்தின நியூஸுக்கு எவன்லா திருத்தம் போடுவான்? டத்தோ கையில கிண்ணம் இருக்குதானே, அது சரிதானே?" என்றார்.

அது சரிதான். அந்தச் செய்தியில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் நண்பனின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். செயின் டப்பா ஒன்றைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. உன் முட்டையை நான் முட்டை என்றுதானே சொன்னேன் என்று மட்டும் ஹொக்கியனில் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். இத்தனை வருடத்தில் அவனிடம் வாங்கிய எந்தத் திட்டும் இவ்வளவு வலித்ததில்லை.

வியாழக்கிழமை ஃபெரி ஏறி பாகான் டாலாமில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். செய்தி தவறு என்று எழுதியவனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பயிற்றுநர் என்ற முறையில் நண்பன் ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தான், நான் ஒன்று. அலுவலகக் கோப்புக்கு எழுதும் மலாயை விட்டால் எனக்கு ஒழுங்காக எழுத வருவது தமிழ்தான். நான் எழுத, அவள் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மலாயில் மொழிபெயர்ப்பது என்று ஏற்பாடு. அம்மா வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் மைலோ கலக்கி வைத்துவிட்டுப் போனார்.

மனம் உருகித்தான் எழுதினேன். எழுதி முடித்து அவளிடம் நீட்டினேன். அவள் வாசிக்க ஆரம்பித்து, விரலை விசைப்பலகையில் வைக்காமலே நின்றுவிட்டாள்.

"அங்கிள், இந்த ஃபர்ஸ்ட் வரி வேணுமா?"

வாங்கிப் பார்த்தேன். 'தொழிலதிபர் டத்தோ அவர்களின் நல்லாதரவில், அன்னாரின் முன்னிலையில் சிறப்பாக நடைபெற்ற சுழற்கிண்ணப் போட்டியில்' என்று என் மன்னிப்புக் கடிதம் ஆரம்பித்திருந்தது. அடுத்த வாக்கியத்தில் பாலர் பள்ளி. அவள் பெயர் பத்தாவது வரியில் இருந்தது. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என்னோடு சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு அடங்கியபோது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நீ சொல்லு, நான் எழுதுகிறேன் என்றேன். அவள் பெயரில் ஆரம்பித்தேன். எத்தனை புள்ளி என்று கேட்டேன். "இருபத்தேழு. ஃபர்ஸ்ட் ஹாஃப் எட்டு, செகண்ட் ஹாஃப் பத்தொன்பது. ஃப்ரீ த்ரோ ரெண்டு மிஸ் பண்ணிட்டேன், அதையும் போட்டுருங்க" என்றாள். போட்டேன். இரண்டாம் பாதியை நான் பார்க்கவில்லை, விருந்துக்குப் போய்விட்டேன், பார்க்காத ஆட்டத்தின் முடிவை எழுதினேன், பிறகு பயிற்றுநரிடம் பொய் சொன்னேன் என்று அடுத்தடுத்த வரிகளில் எழுதினேன். பொய்க்கு மலாயில் கொஞ்சம் நாகரிகமான சொல் தேடினாள். வேண்டாம், பச்சையாகவே போடு என்றேன். எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

கல்லூரியிலிருந்து தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பயிற்றுநர் கோப்பின் முதல் பக்கத்தில் இருந்த என் கடிதத்தைப் படித்தாராம், அவளை நிமிர்ந்து பார்த்தாராம், பந்தைக் கொடுத்துத் தவறவிட்ட அந்த இரண்டையும் இப்போது போடு என்றாராம். போட்டிருக்கிறாள். இடம் கிடைத்தது.

எங்கள் பத்திரிகையிலும் செய்தி வந்தது. அவள் பெயரை முதல் சொல்லாக வைத்துத்தான் அனுப்பினேன். டத்தோ ஒருவர் வாழ்த்துத் தெரிவித்திருந்ததால் அச்சில் அவள் நான்காவது பத்தியில் வந்தாள். துண்டைக் கொண்டுபோனபோது நண்பன் பசையை எடுக்கவில்லை. முதலில் என்னை நிற்கவைத்து ஒவ்வொரு வரியாக மலாயில் சொல்லச் சொன்னான். டத்தோ, டத்தோ, டத்தோ என்று சொல்லிக்கொண்டே வந்து நான்காவது பத்தியில் அவள் பெயரைச் சொன்னேன். அதுவரைக்கும் விரலால் எண்ணிக்கொண்டிருந்தான். கத்தரிக்கோலை எடுத்து, மேலே இருந்த மூன்று பத்தியையும் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு மிச்சத்தை ஒட்டினான்.

பழைய துண்டுகள் எதையும் திரும்ப ஒட்டவில்லை. சுவரில் இப்போது இடம் ஏராளம். அந்தச் சின்னத் துண்டும், அதன் பக்கத்தில் என் தமிழ்க் கடிதத்தின் நகலும் மட்டும்தான் இருக்கின்றன. நகலை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு வரியும் புரியாது, ஆனால் இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்கிறான். எடுத்துவிடேன் என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். உன் வாழ்க்கையில் நீ எழுதிய ஒரே கூடைப்பந்துச் செய்தி அதுதான் என்றான்.

அவன் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது, நானும் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு இடம் கிடைத்த கதை பரவி, பாகான் டாலாமிலிருந்து இப்போது நான்கு பிள்ளைகள் ஃபெரியில் பயிற்சிக்கு வருகிறார்கள். நான்கு பேரும் தமிழ்ப்பள்ளி. போன சனிக்கிழமை அவர்களில் ஆகச் சின்னவள், பத்து வயது இருக்கும், சுவருக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"அங்கிள், பாதியில போனது நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"இன்னைக்கு இருப்பீங்களா?"

அன்று டத்தோ யாரும் வரவில்லை. வெறும் பயிற்சி ஆட்டம். பையில் தேடியதில் ஒரு பென்சில் கிடைத்தது. கடைசி விசில் வரை உட்கார்ந்திருந்தேன். அவள் இரண்டு புள்ளி எடுத்தாள். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.